இரண்டு பேரும் வேண்டும்

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ரோட்டுக்கு வந்து நின்று திருப்பதி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தத் திருப்பதியில், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்த அக்கா தங்கை இருவருக்காக நானும் என் கணவரும் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். கம்ப்யூட்டர் படித்தவர்களை விமானம் விமானமாக ஏற்றிக்கொண்டு போன காலத்தில் அமெரிக்கா போனவர்கள் நாங்கள். அதனால் பிறந்த மண்ணிலிருந்தே பிள்ளை கேட்டாலும், காகிதத்தில் நாங்கள் கடல் கடந்தவர்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். வைத்தியமெல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்: "நம்ம பக்கத்திலேர்ந்தே ஒரு பிள்ளையக் கூட்டிக்கினு வரலாமா?" கையில் இருந்த போர்வையை நான் மடித்து முடிக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய், "வேணான்னா வேணாம்" என்றார். வேண்டும் என்று சொல்வதற்குள் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஊரில் அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கரும்பும் மாந்தோப்புமாக அவரும் தம்பி குடும்பமும் இருந்தார்கள்.

"நைனா, நாங்க ஒரு பிள்ளையத் தத்தெடுக்கப் போறோம்."

"எதுக்கு வெளியே போவணும்? தம்பிக்கு ரெண்டு பசங்க கீறாங்க. சின்னவன எழுதிக் குடுக்கறோம், இட்டுக்கினு போ."

"தம்பி பிள்ளைக்கு அம்மா அப்பா இருக்காங்க, நைனா. இல்லாத பிள்ளைக்குத்தானே நாங்க வேணும்?"

அப்பா மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் பல மாதம் எல்லாப் போனிலும் மழைதான்.

அமெரிக்காவில் ஒரு சமூக சேவகி எங்கள் வீட்டுக்கு நான்கு முறை வந்தார். அலமாரிகளைத் திறந்து பார்த்தார். நாங்கள் சண்டை போடுவோமா, போட்டால் எதற்காக என்று தனித்தனியாகக் கேட்டார். நான் சொன்ன காரணமும் என் கணவர் சொன்ன காரணமும் ஒன்றாக இருந்ததில் அந்த அம்மாவுக்குத் திருப்தி. கைரேகை எடுத்தார்கள். கட்டுக்கட்டாகக் காகிதம் முத்திரை வாங்கி டில்லிக்குப் போனது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஊரார் ரத்தத்துக்கெல்லாம் நாலு மணி நேரத்தில் முடிவு சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து என் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

அடுத்த வருஷம் மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. பச்சை பெயின்ட் அடித்த சுவர். அதன் முன்னால் இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. தாய் காய்ச்சலில் இறந்துவிட்டாள், தகப்பன் விட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை, வேறு உறவு கிடையாது என்று கீழே எழுதியிருந்தது. சின்னவள் கேமராவைப் பார்த்து வாய் திறந்திருந்தாள். பெரியவள் கேமராவைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்குத்தான் நாங்கள் மனு போட்டிருந்தோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ரெண்டு கட்டிலுக்கு அந்த ரூமு பத்துமா?"

இரண்டு பேருக்குமாக மனுவைத் திருத்தி அனுப்பினோம். மூன்றாவது வாரம் காப்பகத்துத் தலைமை அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. மாநிலத்துக்குள்ளேயே ஒரு தம்பதி சின்னவளை மட்டும் கேட்கிறார்கள். உள்நாட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. அதுதான் சட்டம். ஆறேழு வயதுப் பிள்ளைகளை இங்கே யாரும் கேட்பதில்லை, கைக்குழந்தையை, இல்லாவிட்டால் இந்த மாதிரிச் சின்னதைத்தான் கேட்பார்கள். சின்னவளுக்காவது ஒரு வீடு கிடைக்கட்டும் என்று தத்துக் கொடுக்கும் குழுவில் சிலர் நினைக்கிறார்கள். வருகிற புதன்கிழமை அவர்கள் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள்.

நான் உடனே கிளம்பிப் போயிருப்பேன். போனாலும் உள்ளே விட மாட்டார்கள், இன்னும் நாங்கள் யாரோதான் என்றார் என் கணவர். அது உண்மை. அப்போதுதான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நைனா, எனக்காக ஒரே ஒரு தடவை திருப்பதி போய் அந்தப் பிள்ளைங்களப் பார்த்துட்டு வருவியா? பேச வேணாம். பார்த்தா போதும். எனக்கு வேற யாரும் இல்ல அங்க."

"கரும்பு வெட்டு நடந்துக்கினு கீது" என்றார். வைத்துவிட்டார்.

ஆனால் போனார். புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் போயிருக்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். கேட்டில் நிறுத்தி யார் என்று கேட்டதற்கு, "பொண்ணு அமெரிக்காவுல கீது, அது பார்க்கச் சொல்லுச்சி" என்று தெலுங்கில் சொல்லியிருக்கிறார். தலைமை அம்மா என்ன நினைத்தாரோ, உள்ளே வராந்தாவில் உட்கார வைத்தார். எதிரே அந்தத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அன்று நடந்ததை அப்பா எனக்குப் போனில் சொன்னார். மழையைப் பற்றிப் பேசாத முதல் போன் அது.

"அந்தப் பெரிய பொண்ணு அழுவும், சண்ட போடும்னு பார்த்தேன். இல்ல. சின்னத இடுப்புல தூக்கிக்கினு வந்துச்சி. கேக்க வந்த அந்தம்மாவுக்கு எதிர்ல நின்னுக்கினு ஒவ்வொண்ணா சொல்லுச்சி. இதுக்குக் கத்திரிக்கா புடிக்காது. சோத்த நல்லா பிசஞ்சி குடுக்கணும். இடி இடிச்சா காத மூடணும், இல்லன்னா மூச்சு வாங்கும். எடது காதுல வலி வரும், வெளக்கெண்ண ஊத்தாதீங்க, டாக்டரு வேணாம்னாரு. தூங்கறப்போ என் சடையப் புடிச்சிக்கும், நீங்களும் சடை போட்டுக்கங்க. இப்படியே சொல்லிக்கினே போச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டு, புள்ளைய அந்தம்மா மடியில உக்கார வச்சிட்டு, தள்ளிப் போய் நின்னுக்குச்சி."

போனில் யாரோ மாட்டை ஓட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்புறம், நைனா?"

"அந்தம்மா கொஞ்ச நேரம் மடியில வச்சிக்கினு இருந்துச்சி. அப்புறம் புருஷன் மூஞ்சப் பார்த்துச்சி. 'ஒத்து, நா வல்ல காதண்டி' அப்படின்னுச்சி. வேணாம், என்னால முடியாதுங்க, இதுங்களப் பிரிச்சி ஒண்ண நான் எடுத்துக்கினு போனா அந்த வீட்டுல நான் எப்படி சோறு துன்னுவேன்னு சொல்லிட்டு, தூக்கினு போய் பெரியவ கையில குடுத்துடுச்சி. நல்ல பொம்பள."

நல்ல பெண்மணிதான். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு அடுத்த வருஷமே ஒரு கைக்குழந்தை கிடைத்தது என்று பின்னால் தலைமை அம்மா சொன்னபோது, சொந்தக்காரிக்குக் குழந்தை பிறந்த மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா கடைசியாக ஒன்று சொன்னார். "எவ்ளோ நாளானாலும் சரி. ரெண்டையும் நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு வந்துடு."

நம்ம வீடு என்றார். போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

இரண்டு மாதத்தில் பிள்ளைகள் எங்களுக்கு என்று முடிவானது. அப்புறம்தான் உண்மையான காத்திருப்பு. டில்லியிலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். அது வருவதற்குள் எங்கள் கைரேகை காலாவதியாகிவிட்டது என்று கடிதம் வந்தது. "என் விரலு அதேதானே, தேய்ஞ்சா போச்சி?" என்று அவர் கையை விரித்து விரித்துப் பார்த்தார். மறுபடி போய்க் கொடுத்தோம். மொத்தம் மூன்று தடவை கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாம் என்று அனுமதி தந்தார்கள். எங்களுக்குக் காலை, அங்கே சாயங்காலம். முதல் மூன்று வாரம் பெரியவள் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாலாவது வாரம் தெலுங்கில் ஒரு கேள்வி வந்தது.

"உங்க வீட்ல தோசை இருக்கா?"

"இருக்கு கண்ணு. ஆனா எனக்கு வட்டமா வராது."

"ஏன்?"

அந்த ஏனுக்குப் பதில் சொல்ல இருபது நிமிஷம் ஆனது. அடுத்தடுத்த வாரங்களில் அவள் எல்லாவற்றையும் விசாரித்தாள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வாத்தியார் அடிப்பாரா, பனி என்றால் ஐஸ்கிரீம் மாதிரியா, தங்கை எந்தப் பக்கம் படுப்பாள். என் கணவர் பாட்டுப் பாடிக் காட்டினார். அதைக் கேட்டுச் சின்னவள் போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அப்பா மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்வந்தார். மாங்காய்க் காலத்தில் ஒரு கூடை, மற்ற நாளில் கரும்புத் துண்டு. காப்பகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான். கேட்டில் இருந்த காவல்காரர் அவரைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு பங்குனியில் சித்தூர் கோர்ட்டிலிருந்து தேதி வந்தது. நாங்கள் சென்னையில் இறங்கி நேராகச் சித்தூர் போனோம். கோர்ட் வாசலில் புங்க மரத்தடியில், தலைமை அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருந்தேன், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் கூடாது, பயந்துவிடுவார்கள் என்று. நான் ஓடவில்லை. பெரியவள்தான் நடந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போட்டோல குண்டா இருந்தீங்க" என்றாள்.

நீதிபதி ஒரு பெண். எங்களிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பெரியவளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தெலுங்கில் கேட்டார்.

"இவங்க யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும். இந்தம்மாவுக்கு தோசை வட்டமா வராது. அவரு பாட்டு பாடுவாரு, நல்லா இருக்காது."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பின்னே எதுக்கு இவங்களோட போறே?" என்றார்.

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற முகம்.

"ரெண்டு பேரையும் கேட்டாங்க" என்றாள்.

நீதிபதி பேனாவை எடுத்தார். என் கணவர் அழுது நான் அன்றுதான் முதன்முறை பார்த்தேன். கோர்ட் என்றும் பார்க்காமல் சத்தமாக அழுதார். டவாலிச் சேவகர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

பாஸ்போர்ட் வர இன்னும் ஐந்து வாரம். அதுவரை பிள்ளைகள் எங்களோடு ஊரில் இருக்கலாம். அன்று இரவு அவர்கள் காப்பகத்துக்குத் திரும்பினார்கள், நாங்களும் திருப்பதியில் தங்கினோம். மறுநாள் காலை அப்பா ஒரு கார் பிடித்துக்கொண்டு அங்கே வந்தார். காப்பகத்து ரிஜிஸ்டரில் "அழைத்துச் செல்பவர்" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் போட்டார். தலைமை அம்மா நோட்டை மூடப் போனபோது பெரியவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"நானும்தானே இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்?"

தலைமை அம்மா என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தெலுங்கு எழுத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்து ஒரு புள்ளி வைத்தாள். வாசல் வரை பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். சமையல்காரம்மா கார் ஜன்னலில் கையை விட்டு இரண்டு பேர் கன்னத்தையும் கிள்ளினார்.

புத்தூர் தாண்டும்வரை பெரியவள் தங்கையை மடியிலிருந்து இறக்கவில்லை. மலை முடிந்து வயல் வந்தது. அவளாகவே, யாரும் கேட்காமல், சின்னவளைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள். "கொஞ்ச நேரம் நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்து உடனே தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, காலை நீட்டிக்கொண்டு, ஒரு குழந்தை தூங்குகிற மாதிரி தூங்கினாள். சின்னவள் என் சடையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அவளும் கண்ணை மூடினாள்.

ஊர் முனையில் மேளக்காரர்களை நிறுத்தி வைத்திருந்தார் அப்பா. ஆரத்தித் தட்டோடு தம்பி பெண்டாட்டி, பின்னால் பாதி ஊர். கார் நின்றதும் மேளக்காரர் குச்சியை ஓங்கினார். அப்பா கதவைத் திறந்து பாய்ந்து இறங்கி இரண்டு கையையும் தூக்கினார்.

"யோவ், நிறுத்துய்யா! என் பேத்திங்க தூங்கினு கீதுங்க!"

ஊரே வாயை மூடிக்கொண்டு காரைச் சுற்றி நின்றது. அவர்களாக எழுந்திருக்கும்வரை ஒருவரும் நகரவில்லை.