ஓவனுக்குள் இருந்த பை

ஷெரினின் விரல்நுனிகள் வெண்ணெயை மைதாவுக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தன. உள்ளங்கை படக் கூடாது. போடி ஊர் வெயிலில் உள்ளங்கைச் சூடே போதும், வெண்ணெய் உருகிவிடும். அதனால் கைகள் இடையிடையே ஐஸ் தண்ணீருக்குள் போய் வந்தன. பிறகு மாவைத் தேய்த்துத் தகரத்தட்டில் விரித்து, இடதுகைச் சுண்டுவிரலால் ஓரத்தை வளைவு வளைவாக அழுத்தின.

அந்தச் சுண்டுவிரல் நிமிராது. விஜய்ராஜ் கதவை அறைந்து சாத்தியபோது இடுக்கில் இருந்த விரல் அது.

விஜய்ராஜ் ஷெரினின் கணவன். கடைவீதியில் ஹார்டுவேர் கடை. அவன் கடையில் இருக்கும் சனிக்கிழமை மதியம்தான் ஷெரினுக்கு ஓய்வு. போனில் வீடியோ பார்த்து, கருக்கிக் கருக்கிக் கற்றுக்கொண்டது சாக்லேட் பை என்ற இந்த இங்கிலீஷ் பலகாரம். மாவின் மேல் காகிதம் போட்டுக் கொண்டைக்கடலையைப் பாரமாகக் கொட்டி ஒருமுறை சுட வேண்டும். இல்லையென்றால் அடி உப்பிவிடும். அப்புறம்தான் சாக்லேட்டும் க்ரீமும் முட்டையும் கலந்து ஊற்றுவது. அது வேகும் வரை அவளுக்கு உடம்பில் எங்கும் வலிக்காது.

விஜய்ராஜுக்கு அது கேக். வாராவாரம் தின்றிருக்கிறான், பெயரைக் கேட்டதில்லை.

உத்தமபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று போன வருடம் ஒருமுறை சொன்னாள். "வாசப்படி தாண்டுனா பெட்ரோல ஊத்திருவேன்" என்றான். கடையிலிருந்து கேனும் வந்தது. குளியலறை மூலையில் இன்னும் இருக்கிறது. அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று தட்டை ஓவனில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரிக்குப் போன் செய்தாள். பாண்டீஸ்வரி மகளுக்குப் பிறந்தநாள்.

"பை ரெடியாயிரும்க்கா. அவுக வர்றதுக்குள்ள கொண்டாந்து குடுத்துர்றேன்."

திரும்பினால் வாசலில் விஜய்ராஜ்.

"எந்தப் பைடி?"

"சாக்லேட் பைங்க. திங்கிற பை."

"பைய எவடி திம்பா?"

முதல் அடியில் போன் தெறித்தது. அடுத்ததில் அவள் நெற்றி கதவு நிலையில் மோதிப் பிளந்தது. தலைமுடியைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போனான். பீரோவிலிருந்த சேலைகளை வாரி எறிந்தான். பரணிலிருந்து தோள்பையை இழுத்தான். உதறினான். காலி.

"இது இல்ல. கட்டி வச்ச பைய எங்கன ஒளிச்ச?" விலாவில் மிதித்தான். "எத்தன நாளா ஓடத் திட்டம் போடுற?"

"ஓவன்லங்க" என்றாள். மூச்சு வரவில்லை. "ஓவன்ல இருக்கு."

அவன் நம்பிவிட்டான். அடுக்களைக்கு ஓடி ஓவன் கதவைப் பிடுங்கித் திறந்து, வெறுங்கையை உள்ளே விட்டுத் தட்டைப் பற்றினான்.

அந்த அலறல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். தோல் தகரத்தோடு ஒட்டி உரிந்தது. குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட பாத்திரத்தையெல்லாம் உதைத்தான். பிறகு கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டான்.

"மருந்து போட்டுட்டு வர்றேன். வந்து கேன எடுக்கிறேன் பாரு."

பைக் சத்தம் தெருமுனை தாண்டியது.

ஷெரின் சுவரைப் பிடித்து எழுந்தாள். தோள்பை வாய் திறந்து கிடந்தது. சுற்றிலும் அவளுடைய சேலைகள். அவனே எல்லாவற்றையும் எடுத்து வெளியில் போட்டிருந்தான். உள்ளே திணிப்பதுதான் பாக்கி.

திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தாள். நடு மட்டும் ததும்பியது, ஓரம் அசையவில்லை. சரியான பதம். ஓவனை அணைத்தாள். அவன் கட்டைவிரல் பட்ட இடத்தில் ஓரம் நொறுங்கியிருந்தது. அந்தத் துணுக்கைத் தட்டிவிட்டு, தகரத்தைத் துடைத்து, கைப்பிடித் துணியோடு தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள்.

அலறல் கேட்டுப் பாண்டீஸ்வரி ஏற்கெனவே தன் வாசலில் நின்றிருந்தாள். இவள் நெற்றியைப் பார்த்தாள். தோள்பையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி மகளே... ஸ்கூட்டிய எடுக்கட்டா ஆத்தா?"

"எடுங்கக்கா." ஷெரின் தட்டை நீட்டினாள். "மொதல்ல இதப் பிடிங்க. சுடும், துணியோட பிடிங்க. ஓரத்துல ஒரு எடம் ஒடஞ்சுபோச்சு."

பாண்டீஸ்வரி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.