கோத்த விரல்கள்

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில் ஓர் ஏலக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சீமைக்குத் திரும்பும் துரைமார்களின் வீட்டுச் சாமான்கள் அங்கே வரும். ஒருமுறை, பழுப்பு மையில் வரைந்த படம் ஒன்று வந்தது. இத்தாலி தேசத்தது, முந்நூறு வருஷம் பழையது என்றார்கள். வாசற்படியில் மூட்டையோடு ஒரு பெண். எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் கைவிரல்களைக் கோத்து மடியில் இறுக்கி வைத்திருந்தார்.

அன்று என் அக்கா தன் சின்ன மகளோடு கடைக்கு வந்திருந்தாள். அவள் ஒரு பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டு இன்சீனுக்குப் போய் ஏழு வருஷம். அப்பா என்னோடு தாமுவேயில் இருந்தார். அந்த வீட்டுக்கு அவள் வருவதில்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் கடைக்குத்தான் வருவாள்.

படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"கல்யாண விஷயத்தைச் சொன்ன அன்னிக்கு அப்பாவும் இப்படித்தான்டா உக்காந்திருந்தாரு. அவ்வளவு கோவம். ஒரு வார்த்தை பேசல."

ஏலத்துக்கு முன் சாமான்களைப் பார்க்க வந்திருந்த கன்னிகாஸ்திரீ ஒருவர் அதைக் கேட்டுத் திரும்பினார். கான்வென்டில் சித்திரம் கற்பிப்பவர். மதராஸில் பல காலம் இருந்ததால் தமிழ் தெரியும்.

"இது கோபம் இல்லை, அம்மா. அந்தக் காலத்துச் சித்திரக்காரர்களுக்குக் கையும் ஒரு பாஷை. கோபம் என்றால் முஷ்டியை மடக்கி வரைவார்கள். விரல்களைக் கோத்து இறுக்கினால் துக்கம். இவர் அழுகிறார்."

அக்கா வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னிக்கு நானும் வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.

அவளைக் கண்டதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவள் உள்ளே வராமல் வாசலிலிருந்தே கேட்டாள்:

"அன்னிக்கு உங்களுக்குக் கோவமாப்பா?"

"கோவம்னா கத்தியிருக்க மாட்டேனா? வாயத் தொறந்தா அழுதுருவேன்னு இருந்துச்சு. நீ அதுக்குள்ள போயிட்ட."

"கூப்பிட்டிருக்கலாமேப்பா."

"கூப்பிட்டிருக்கலாம்தான்" என்றார் அப்பா.

அக்கா மகளுக்குப் பர்மிய பாஷை மட்டுமே வரும். துறைமுகத்தில் தமிழாட்களோடே மூட்டை தூக்கிய அப்பாவுக்கோ அதில் கடைகண்ணிக்கு வேண்டிய நாலு சொல்தான் தெரியும். அவள் "அஃபோ" என்று தாத்தாவைக் கூப்பிட்டு ஏதேதோ கேட்பாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

ஞாயிறுதோறும் அக்கா ரயிலேறி வரத் தொடங்கினாள். ஆனால் அடுத்த மழைக்காலம் முடியுமுன் அப்பா காலமாகிவிட்டார். அக்கா மகள் வளர்ந்த பிறகு அவளிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். முகம் நினைவில்லை, பேச்சும் நினைவில்லை என்றாள். யாரோ ஒரு கிழவர் மீனில் முள் எடுத்து ஊட்டினார், அது மட்டும் நினைவிருக்கிறதாம்.