கடைசிப் பந்திக்காரர்கள்

கிள்ளான் பாசாரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். "அப்பா, நம்ம டாக்டர் செல்வராணி போயிட்டாங்களாம்." கையிலிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டேன். குடல் கிருமிகளை ஆராய்ந்த அவரிடம் வைத்தியம் பார்த்த நீங்களும் இப்படித்தான் நின்றிருப்பீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. இந்த அஞ்சலியை நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

லோரி ஓட்டி ஓய்ந்தவன் நான். வயிறு இரைந்தால் வாயு என்று பயந்து பருப்பு, கீரை, பயறு எல்லாவற்றையும் விட்டேன். வெள்ளைச் சோறும் ரொட்டியும்தான். மலம் கட்டியது. சாப்பிடவே பயந்து உடம்பு கரைந்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

"என்ன அங்கிள், உள்ள இருக்கிறவங்களப் பட்டினி போட்டுட்டீங்களே லா" என்றார் டாக்டர்.

"உள்ளயா? எனக்கென்ன வயித்துல பிள்ளையா?"

"கிருமிங்க, கோடிக்கணக்கா. சோறு, ரொட்டியெல்லாம் சிறுகுடல்லயே முடிஞ்சிடும், அது முதல் பந்தி. கீரை, பயறுல இருக்கிற நாரு ஜீரணமாகாம பெருங்குடலுக்குப் போகும். அங்க உக்காந்திருக்கிறவங்க கடைசிப் பந்தி. நாரைப் புளிக்க வெச்சு அவங்க ஆக்கிப்போடுறதுதான் உங்க குடல் சுவருக்கே சாப்பாடு."

நான் நம்பவில்லை. தம் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளில் என் மலத்தைக் கரைத்த நீர். ஒன்றில் மட்டும் பயற்றுத்தோலின் நார். காற்றுப் புகாமல் அடைத்து, உடம்புச் சூட்டில் வைத்தார். மறுநாள் போனேன். நார் போட்ட சிரிஞ்சின் தள்ளுதண்டு, யாரும் தொடாமலே, மேலே ஏறியிருந்தது. மற்றது அசைந்ததாகவே தெரியவில்லை.

"யாரு தள்ளுனது?"

"உங்க ஆளுங்கதான் அங்கிள். சாப்பிட்டு மூச்சு விட்டிருக்காங்க."

இத்தனை காலம் நோயென்று நான் அடக்கியது இவர்களின் மூச்சா? கை தானாகக் குவிந்தது. அவர் சிரிக்கவில்லை. "மொத தடவை பார்த்தப்ப நானும் அப்படித்தான் நின்னேன்" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பயறைக் கூட்டி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். முதலில் வயிறு உப்பியது. போன் போட்டேன். "டாக்டர், உங்க ஆளுங்க கச்சேரி வெக்கிறாங்க!"

"விடுங்க அங்கிள், ரொம்ப நாள் கழிச்சு வேலை கிடைச்சிருக்கு."

போகப் போக வயிறு இளகியது. ஒருநாள் நிற்காமல் மாடி ஏறினேன்.

கடைசியாக அவர் முகம் பார்க்கப் போனபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டில் கூட்டம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது. என் வயிறு இரைந்தது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். முன்பென்றால் எழுந்து போயிருப்பேன். நான் என்னை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை என்ற வியப்பைத்தான் டாக்டர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். வயிற்றில் கை வைத்து, படுத்திருந்தவரிடம் மெல்லச் சொன்னேன்:

"வேலை நடக்குது டாக்டர்."