இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

ஏரியூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டித் தருபவர் அன்பரசி. அந்த ஊரில் பெண் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பூக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. மற்றதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அன்பரசியின் மகள் பூவிழிக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. கணவரின் அக்கா ஜானகியம்மாள் அவளைத் தன் மகனுக்குக் கேட்டார். கணவர் மாதேஸ்வரன் உடனே தலையாட்டினார். வேண்டாம் என்று சொல்ல அன்பரசிக்கு வாய் வரவில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டினார்.

கல்யாணம் நின்றது. ஆனால் வேறொன்று தொடங்கியது. ‘அம்மனே ஒதுக்கின பொண்ணு’ என்றார்கள். அடுத்த திருவிழாவுக்கு மாவிளக்கு எடுக்கும் பெண்களின் பட்டியலில் பூவிழியின் பெயர் இல்லை.

“எங்கிட்ட என்னம்மா குறை?” என்று அவள் கேட்டாள்.

அன்று மாலையே கோயில் முன்பு கூடியிருந்த ஊர்க்கூட்டத்தில் அன்பரசி எழுந்து நின்றார்.

“எம்புள்ளமேல குறையில்லைங்க. அம்மன் ஒண்ணும் சொல்லல. ரெண்டுலயும் செவ்வரளி வெச்சது நான்தான்.”

பூசாரியின் முகம் வெளிறியது. “இனிமே ரெண்டையும் பிரிச்சுப் பாத்துத்தான் எடுக்கோணும் போலிருக்கே!” என்று யாரோ சிரித்தார்.

ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. “அப்போ எம்பையன் வேண்டாம்னது நீயா?”

“ஆமாங்க அண்ணி. அவ படிக்கட்டும்னு நெனச்சேன்.”

“அத எங்கிட்டயே சொல்றதுக்கென்னடி?”

“பயங்க. உங்ககிட்டயும் பயம், உங்க தம்பிகிட்டயும் பயம். அம்மன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கல்ல?”

பதினேழு வயதில் கல்யாணம் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதைச் சொல்வதற்கு ஒரு தாய்க்கு அம்மனின் வாய் தேவைப்பட்டது என்றால், வெட்கப்பட வேண்டியது அவரா, ஊரா? மேடையில் நின்று சாமி இல்லை என்று முழங்குவதில் பெரிய துணிச்சல் ஏதும் இல்லை, கேட்பவர்கள் கைதட்டுவார்கள். அன்பரசி சாமியை நம்புகிறவர். அந்தச் சாமிக்கு எதிரிலேயே நின்று, தன் முடிவைத் தன் முடிவு என்றார்.

“பொட்டலம் கட்டாம மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, எம்பையன் இத்தன மாசம் தாடி வுட்டுட்டுத் திரிஞ்சிருக்கமாட்டான்” என்று சொல்லிவிட்டு ஜானகியம்மாள் எழுந்து போனார். மாதேஸ்வரன் தலை நிமிரவே இல்லை.

இனி கோயில் பூவைத் தொடக்கூடாது என்று கூட்டம் தீர்ப்புச் சொன்னது.

“சரிங்க, தொடல” என்றார் அன்பரசி. “எம்புள்ள பேர எழுதுங்க.”

நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அவர் நகரவில்லை. பட்டியலில் பூவிழியின் பெயர் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார்.