மெத்தைக் கடையில் ஒரு பாம்பு

குரோகி செட்சுயோவின் கைகள் உலர்ந்திருந்து, வெந்நீர் ஊற்று ஊரான கன்னாவாவில் யாரும் பார்த்ததில்லை. மேட்டுத் தெருவின் வெந்நீர்க் குளியல் கூடம் அவள் பொறுப்பு. விடிந்ததும் தொட்டியைத் தேய்ப்பாள். பகல் முழுக்க, கொதித்து வரும் ஊற்று நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து பதம் பார்ப்பாள். கூடத்தைப் பூட்டும் முன் தரையை அலசுவாள்.

பெண்கள் தொட்டியில் பேச்சு ஓயவே ஓயாது. மருமகள் கருக்கிய மீன், முழங்கால் வலி, எதிர்வீட்டுக்காரனின் புதுக் கார் எல்லாம் அவள் காதில்தான் வந்து கொட்டும். கணவனும் ஓயாமல் பேசுகிறவன். பேசிப் பேசியே இன்னொருத்தியை மயக்கி, அவளோடு ஃபுக்குவோக்காவுக்குப் போய்விட்டான். அதனால்தானோ என்னவோ, தேய்க்கும் பிரஷ் வாங்கப் போன கடைவாசலில் வளர்ப்புப் பிராணிக் கண்காட்சியைப் பார்த்தபோது, அந்த ஆரஞ்சு நிறப் பாம்பின் முன்னால் அவள் கால் நின்றுவிட்டது.

"கடிக்குமா?" என்று கேட்கவில்லை. "சத்தம் போடுமா?" என்றுதான் கேட்டாள்.

"சாப்பிட மட்டும்தாம்மா வாயைத் திறக்கும்" என்றான் விற்றவன்.

"அப்ப குடு."

புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் வைக்கும் புளிப்பு ஆரஞ்சின் பெயரையே அதற்கு வைத்தாள்: டைடாய். தெருவில் முதலில் முகம் சுளித்தார்கள். டைடாய் முதல் சட்டையை உரித்ததும் சுளிப்பு போன இடம் தெரியவில்லை. பாம்புச் சட்டையைப் பர்ஸில் வைத்தால் காசு தங்கும் என்று ஊரே நம்புகிறதே. ஆளுக்கொரு துண்டு கேட்டு நின்றார்கள். தெருமுனை மெத்தைக் கடை ஃபுக்காமி பாம்பென்றால் தொடை நடுங்குகிறவன். அவன்கூட இன்னொருவரை அனுப்பி ஒரு துண்டு வாங்கிக்கொண்டான்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் டைடாயைக் கையில் எடுத்தபோது வயிற்றுச் செதில்களில் செம்பழுப்பாக நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. இரண்டு இடத்தில் கொப்புளம் மாதிரி நீர் கோத்திருந்தது. செட்சுயோ பதறவில்லை. தோல் வியாதிதானே! எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு அவள் சொல்லியிருக்கிறாள், நம் தண்ணீரில் ஊறினால் படையென்ன, சொறியென்ன, எல்லாம் ஓடிப்போகும் என்று. ஓசாக்காவிலிருந்து ரயிலேறி வந்து ஊறிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்குப் பக்கத்தில் ஊற்று இருக்க, மருந்துக்கு எங்கே அலைவது?

குளியல் கூடத்துப் பெண்களும் அதையே சொன்னார்கள்.

"காலையும் சாயங்காலமும் முக்கி எடு செட்சு. என் வீட்டுக்காரர் முதுகு எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு!"

"உன் வீட்டுக்காரர் முதுகை நீ மட்டும் பார்த்தாப் போதும், எங்களுக்கு எதுக்கு?" என்றாள் இன்னொருத்தி. தொட்டியே சிரித்தது.

செட்சுயோ ஊற்று நீரை ஆறவைத்து, சின்ன வாளியில் டைடாயைக் காலையும் மாலையும் ஊறவைத்தாள். அதன் கண்ணாடிப் பெட்டியை நடு அறைத் தரையில் வைத்திருந்தாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் தரைக்கடியில் நிலத்து நீராவி ஓடுகிறது. பாம்புக்குச் சூடு வேண்டுமே, இதைவிட நல்ல இடம் ஏது?

புள்ளிகள் பரவின. செதில் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டன. கொப்புளம் உடைந்து அடியில் சிவந்த சதை தெரிந்தது. டைடாய் எலியைச் சீந்தவில்லை. அப்போதும் சத்தமில்லாமல், வழக்கம்போல் சுருண்டு கிடந்தது.

கடைசியில் அதைத் துணிப்பையில் போட்டு, பையை ஒரு டப்பாவில் வைத்து, பஸ் பிடித்து ஓயிட்டா நகரத்துக்குப் போனாள். பாம்பு, பல்லி, ஆமை பார்க்கிற டாக்டர் ஹிரோசே சித்தோசே அங்கேதான் இருந்தார். செட்சுயோவின் மகளாக இருக்கக்கூடிய வயது. டைடாயைப் புரட்டிப் பார்த்தார், காயத்தில் பஞ்சை ஒற்றிக் கண்ணாடித் தகட்டில் தடவினார், பிறகு கேட்டார்:

"வீட்ல என்னம்மா வைத்தியம் பண்ணீங்க?"

"கன்னாவா ஊற்றுத் தண்ணி டாக்டர். ரெண்டு வேளையும் தவறாம" என்றாள் செட்சுயோ, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அம்மா, இது ஈரத்தால வந்த நோய். அடியில எப்பவும் நசநசன்னு இருந்தா செதிலுக்குள்ள கிருமி பூந்துடும். அதைக் கொண்டுபோய் தினமும் ரெண்டு தடவை ஊறவச்சிருக்கீங்க. அந்தத் தண்ணியில புளிப்பு வேற. புண்ணுல பட்டா எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சா துள்ளாதா? ஒண்ணுமே பண்ணலையே, சும்மாதான கிடந்துச்சு."

"வலிக்குதுன்னு இதுக்குச் சொல்லத் தெரியாதும்மா."

சத்தம் போடாது என்றுதானே வாங்கினாள்.

"பொழைக்குமா?"

"ரத்தத்துல இன்னும் கலக்கலைன்னு நினைக்கிறேன். ஊசி போடறேன், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இந்த மருந்தை வெளிறின டீ நிறத்துக்குத் தண்ணியில கலந்து புண்ணை மட்டும் ஒத்தி எடுங்க. உடனே துடைச்சுட்டுக் களிம்பு தடவணும். பெட்டியில மரத்தூள் வேணாம், வெறும் பேப்பர். நனைஞ்சா உடனே மாத்தணும். இதையெல்லாம் விட முக்கியம், காஞ்ச இடம். உங்க வீட்ல காஞ்ச இடம் இருக்கா?"

செட்சுயோ யோசித்தாள். உப்பு கட்டியாகிற வீடு, டிவி மூன்று வருஷம் தாங்காத வீடு. துணி காய்வதே பெரும்பாடு.

"ஈரத்துலயே இருந்தா, நான் எத்தனை ஊசி போட்டும் பிரயோஜனமில்ல" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பும்போது தெருவில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் தட்டிப் பார்த்தாள். எல்லாம் ஈரம். ஒரே ஓர் இடம்தான் தேறியது. நேரே அங்கே போனாள்.

ஃபுக்காமியின் மெத்தைக் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. பருத்தி பூசணம் பிடிக்காமலிருக்க, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் அங்கே வருஷம் முழுக்க ஓடும். செட்சுயோ விஷயத்தைச் சொன்னதும் ஃபுக்காமி கல்லாவுக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்துகொண்டான்.

"உனக்கென்ன பைத்தியமா? மெத்தை வாங்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றது, 'மெத்துன்னு இருக்கும், பாம்பே படுத்துப் பார்த்துச்சு'ன்னா?"

"பெட்டிக்குப் பூட்டு இருக்கு. உன் மெத்தைப் பக்கமே வராது."

"எனக்குப் பாம்புன்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியும். ஸ்கூல்ல மயக்கம் போட்டு விழுந்தேனே, நீதான மூஞ்சில தண்ணி அடிச்ச?"

"உன் பர்ஸைத் திற."

"எதுக்கு?"

"திறய்யா."

திறந்தான். நோட்டுகளுக்கு நடுவே, மெல்லிய தாளில் மடித்த சட்டைத் துண்டு.

"அது வெறும் தோலு" என்றான்.

"தோல் வேணும், பாம்பு வேணாமா? அது சாகக் கிடக்கு, ஃபுக்காமி."

அவன் துண்டை மடித்து வைத்துப் பர்ஸை மூடினான். பிறகு கிடங்குச் சாவியை மேஜைமேல் வைத்தான். "நான் உள்ள வரமாட்டேன். எல்லாம் நீயேதான் பார்த்துக்கணும்."

சொன்ன வார்த்தையில் அவன் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. குளியல் கூடத்தில் கூட்டம் நெரிந்த ஒரு மாலை, செட்சுயோவால் வர முடியவில்லை. போனில் அவள் கெஞ்ச, அவன் நீள இடுக்கியால் நனைந்த பேப்பரை இழுத்துப்போட்டான். அடுத்த முறை இடுக்கி இல்லாமல். மருந்து தடவுவது மட்டும் அவள் வேலையாகவே இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவன் பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டுக்கொண்டு வியாபாரக் கதைகளை அளந்துகொண்டிருந்தான்.

கிடங்குக்கு வந்தபின் முதலில் உரித்த சட்டை கந்தலாக வந்தது. அதன் வயிற்றுப் பக்கம் பொத்தல் பொத்தலாக இருந்தது. ஃபுக்காமி ஆசையாகக் கை நீட்டினான்.

"தொடாத. சீக்குத் தோல். டாக்டர்கிட்ட காட்டிட்டுத் தூரப் போடணும்."

"ஒரு சின்னத் துண்டு..."

"உனக்குக் காசு வேணுமா, கிருமி வேணுமா?"

இலைகள் பழுக்கத் தொடங்கியபோது வந்த சட்டை தலையிலிருந்து வால்வரை ஒரே உரியாக வந்தது. டைடாயின் வயிற்றில் புதுச் செதில்கள் அரிசி கழுவிய நீரின் நிறத்தில் வரிசை பிடித்திருந்தன. காயத்தின் தடம் மட்டும் ஓரிடத்தில் நெளிசலாக நின்றது. அன்று அது எலியை விழுங்கியது. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சும்மா. வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காஞ்ச இடமா மட்டும் பார்த்து வைங்க" என்றார்.

செட்சுயோ வீட்டுக்கு வந்து நடு அறையில் நின்றாள். முன்பு பெட்டி இருந்த இடத்தில் சுவர் வேர்த்திருந்தது. விரலால் கோடு இழுத்தாள். நீர் வழிந்தது. பிறகு டைடாயின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மெத்தைக் கடைக்கு நடந்தாள்.

ஃபுக்காமி வாசலிலேயே நின்றிருந்தான். "என்ன, திரும்பக் கொண்டு வந்துட்ட?"

"இங்கயே இருக்கட்டும். உன் தொணதொணப்பை அது தாங்குச்சுன்னா."

"இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்லலையே!"

"அது சொல்லாது" என்றாள் செட்சுயோ. "நாமதான் புரட்டிப் பார்க்கணும்."

இப்போது குளியல் கூடத்தைப் பூட்டியதும் அவள் கிடங்குக்குப் போகிறாள். வாசலில் ஃபுக்காமி ஒரு துண்டோடு நிற்கிறான். அவள் கையைத் துடைக்கிறாள், விரலிடுக்குகளைத் துடைக்கிறாள், நீட்டிக் காட்டுகிறாள்.

"இன்னும் ஈரம்" என்கிறான் அவன்.

அவள் மறுபடியும் துடைக்கிறாள்.