வேன் திரும்பும்வரை தோளில் கிடந்த சால்வை

ரைஹானத் மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டது தை ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரத்தில் விமானம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து காலை பத்து மணிக்கு வேன். அதில் ஏறுவதற்கு முன் எங்கள் தெருவுக்கு வந்தாள், என் அத்தை மாரிக்கண்ணுவிடம் மன்னிப்புக் கேட்க.

பயணத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய் "பொருந்திக்கிடுங்க" என்று கேட்பது அவர்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ தப்பு செய்திருந்தால் மனதாரப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ரைஹானத்துக்கு மற்ற வீடுகளில் கேட்பதைவிட அத்தையிடம் கேட்க நிறைய இருந்தது. எங்கள் வார்டில் ஒரு கட்சியின் மகளிர் அணி என்றால் அத்தை, எதிர்க்கட்சியின் மகளிர் அணி என்றால் ரைஹானத். பத்தொன்பது வருடமாக மைக்கைப் பிடித்து ஒருவரை ஒருவர் கிழித்தவர்கள். மைக்கில் "அந்த அம்மா". மேடையை விட்டு இறங்கிவிட்டால் "மதினி".

அத்தைக்கு வாழை இலை மண்டியில் வேலை. விடியுமுன் போய் இலையை அடுக்கிக் கட்டுவாள். மத்தியானத்துக்கு மேல் கட்சி. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஆள் பிடிப்பாள், கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டுவாள். ஆனால் வார்டில் நிற்க ஒருமுறைகூட சீட்டு கிடைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு நிர்வாகியின் மனைவிக்குப் போய்விடும். இந்த முறை நகரச் செயலாளர் முத்துமாலை அண்ணாச்சியே வீட்டுக்கு வந்து, பட்டியலில் அவள் பெயர்தான் என்று சொல்லியிருந்தார். பட்டியல் வர இன்னும் பத்து நாள் இருந்தது. வேட்புமனுவுக்கு வேண்டிய காகிதங்களை அத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

வாசலில் நின்றபடியே ரைஹானத் சொன்னாள்: "போன எலெக்சன்ல ஒங்க வீட்டு ஆம்பளைய இழுத்துப் பேசிட்டேன் மதினி. பொருந்திக்கிடுங்க."

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? ஒங்க தையல் மிசினே எங்க ஆட்சியில குடுத்ததுன்னு பேசுனேன்லா. பொருந்திக்கிட்டேன். போயிட்டு வாங்க. அங்கன எனக்கும் சேத்துக் கேளுங்க."

"எல்லாம் கேக்கேன். ஒங்க சீட்டுக்கு மட்டும் கேக்க மாட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள் போட்ட சால்வைகள் நாலைந்து ரைஹானத்தின் தோளில் கிடந்தன. அதில் ஒன்றை உருவி அத்தைக்குப் போட்டாள். அத்தை கைகூப்பினாள். ரைஹானத்தின் மருமகள் ஸமீஹா போனில் படம் எடுத்தாள்.

அந்தச் சால்வையின் கரை ரைஹானத் கட்சியின் நிறம்.

நம் பக்கம் ஒருவர் கட்சி மாறினால் படம் இப்படித்தான் வரும். ஒருவர் சால்வை போடுவார், மற்றவர் கும்பிட்டுச் சிரிப்பார். ஸமீஹா பாசத்தோடு அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். வேன் நாகர்கோவிலைத் தாண்டுவதற்குள் யாரோ அதை எடுத்து, அடியில் "இணைந்தார்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் அது எல்லாக் குழுக்களிலும் ஓடியது.

மறுநாள் அத்தையோடு நானும் கட்சி அலுவலகத்துக்குப் போனேன். முத்துமாலை அண்ணாச்சி எங்களை உட்காரச் சொன்னார். டீ வாங்கிவரச் சொன்னார். அத்தை கட்சி மாறவில்லை என்று தனக்குத் தெரியும் என்றார். ஆனால் மாவட்டம் கேட்கிறது. அதனால் அத்தை ஒரு நிமிடம் வீடியோவில் பேச வேண்டும். "அவ என்னைய ஏமாத்திச் சால்வையப் போட்டுட்டான்னு ஒரே ஒரு வரி சொல்லு மாரிக்கண்ணு. சீட்டு ஒனக்குத்தான்."

அத்தை டீயைக் குடித்து முடித்தாள்.

"பொருந்திக்கிட்டேன்னு வாயால சொல்லி அனுப்பிருக்கேன் அண்ணாச்சி. அவ அங்கன போய்ச் சேருததுக்குள்ள இங்கன மாத்திப் பேசவா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். ஆறு வருடம் ஐந்து ஊர்களில் இருந்துவிட்டு வந்தவள் நான். எங்கேயும் ஒருத்தியின் மரியாதை அவள் கழுத்துக்கே கயிறாக வந்ததைப் பார்த்ததில்லை. கரையைக்கூடவா பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"பாத்தேன்ட்டி. போட்ட ஒடனே பாத்தேன்."

"அப்ப ஏன் கழட்டல?"

"பயணம் போறவ போட்டத அவ கண்ணு முன்னால கழட்டச் சொல்லுதியா? வேன் திரும்புத வரைக்கும் கெடக்கட்டும்னு விட்டேன்."

பட்டியல் வந்தது. சீட்டு கிடைத்தவள் நாலு மாதத்துக்கு முன்புதான் வேறு கட்சியிலிருந்து, நிஜமாகவே சால்வை வாங்கிக்கொண்டு வந்தவள். அத்தையை மகளிர் அணிப் பொறுப்பிலிருந்தும் விடுவித்தார்கள்.

மனுத்தாக்கல் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ரைஹானத் திரும்பினாள். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தாள். விஷயம் கேள்விப்பட்டு முகம் கறுத்துப் போயிருந்தது. உங்கள் ஆபீசுக்கு நானே வந்து சொல்கிறேன் என்றாள். அத்தை தடுத்துவிட்டாள். எதிர்க்கட்சிக்காரி வந்து நல்லவள் என்று சொன்னால் இன்னும் மோசமாகும் என்றாள். அது உண்மைதான். அதுதான் எனக்கு அதிகம் எரிச்சலாக இருந்தது.

ரைஹானத்துக்கு அவள் கட்சியில் சீட்டு கிடைத்திருந்தது. அந்தக் கட்சிக்காரர்கள் சால்வைப் படத்தை நோட்டீஸில் போட நினைத்தார்களாம். போட்டால் மனுவே கொடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னதாக ஸமீஹா பிற்பாடு என்னிடம் சொன்னாள். நல்லதுதான். ஆனால் ஒருத்தியின் மரியாதைக்குச் சீட்டு போனது, இன்னொருத்தியின் மரியாதைக்கு ஒரு நோட்டீஸ்தான் போனது.

ஓட்டுப்பதிவு அன்று அத்தை தன் கட்சி வேட்பாளருக்காகப் பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தாள். வார்டு ஆட்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல அந்தக் கட்சியில் வேறு ஆள் இல்லை. அதற்கு மட்டும் அவள் வேண்டியிருந்தாள். மத்தியானம் பூத்துக்கு வந்த ரைஹானத், "சாப்பிட்டீங்களா மதினி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாளாம். அவள்தான் ஜெயித்தாள்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு நாள், மண்டியிலிருந்து வந்த அத்தை வாழைக்கறை படிந்த கையோடு போனை என்னிடம் நீட்டி, வந்திருப்பதை வாசிக்கச் சொன்னாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்தது:

"தங்கள் மீதான புகாரில் உண்மையில்லை என விசாரணையில் தெரியவந்துள்ளது. மகளிர் அணிப் பணியைத் தொடரலாம். ஞாயிறு பொதுக்கூட்டத்துக்கு இருபது பெண்களுடன் தவறாமல் வரவும். சால்வை அணிவிப்பதைத் தவிர்க்கவும்."