பொண்ணு குடுத்த இடத்து இளநீர்

டயாலிசிஸுக்குப் போறவங்கள ஏத்துற ஆட்டோக்காரனுக்குக் கையும் காலும் பத்தாது, காதும் வேணும். வீட்ல நோயாளிய வெச்சிக்கினு, பாக்க வர்ற சொந்தக்காரங்க கிட்ட மாட்டிக்கினு முழிக்கிறீங்களே, நீங்கல்லாம் என் கட்சி.

சூப்பரா கீறாராம்

புத்தூர்லேர்ந்து திருப்பதிக்கு வாரம் மூணு வாட்டி கோவிந்தனை ஏத்திக்கினு போறேன். சர்க்கரையில ரெண்டு கிட்னியும் போன மனுசன். ஒருநாள் திரும்பி வரும்போது தலைகூட நிக்கல. அப்பப் பார்த்து போன் அடிக்குது. அவர் பொண்ணைக் கட்டிக் குடுத்த கார்வேட்டிநகரத்து சம்பந்தி. “சூப்பரா கீறேன் சம்பந்தி!”ன்னு சிரிச்சார். போனை வெச்சதும் துண்டால மூஞ்ச மூடிக்கினு அழுதார்.

ஏம்பா இந்தப் பொய்யின்னேன். “நெசத்தைச் சொன்னா அந்தாளு அழுவார்ணா, நான்தான் தேத்தணும். அதுக்கு எங்க கீதுண்ணா எனக்குத் தெம்பு?”

ஒரு குலை பாசம்

சூப்பரா கீறவரைப் பாக்க சம்பந்தி ஒரு குலை இளநீரோட வந்து எறங்கினார். கிட்னி போனவங்களுக்கு இளநீர் ஆவாது, நெஞ்சையே நிறுத்திடும்னு டாக்டர் மொத நாளே சொன்னது. கோவிந்தனும் மெல்லச் சொல்லிப் பாத்தார். “டாக்டருக்கு இன்னா தெரியும், இது குளிர்ச்சி”ன்னு சீவி வாய்கிட்ட நீட்டினார் பெரிய மனுசன். பொண்ணு குடுத்த இடமாச்சே, தட்ட முடியுமா? ரெண்டு காய் உள்ள போச்சு.

மறுநாள் காலையில நெஞ்சு தாறுமாறா அடிக்க, நான் ஆரன்ல வெச்ச கைய எடுக்காம திருப்பதிக்கு ஓட்டினேன். உயிர் மயிரிழையில தங்குச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல சம்பந்தி என்னைத் தனியா கூப்ட்டுக் கேட்டார்: “மிச்ச காய் வூட்லதான் கீது, எடுத்தாரட்டா?”

இந்த வாட்டி வாழைத்தார்

பத்து நாள் கழிச்சு கோவிந்தனை வூட்ல எறக்குறேன், வாசல்ல சம்பந்தி. கையில வாழைத்தார். அதுவும் ஆவாத பண்டம்தான். “தைரியமா இருக்கணும் சம்பந்தி, எல்லாம் மனசுதான்”னு ஆரம்பிச்சார்.

கோவிந்தன் என்னை ஒருதரம் பாத்தார். அப்புறம், “எனக்கு சாவுன்னா பயமா கீது சம்பந்தி. பழம் வாணாம், தைரியமும் வாணாம். ரவ நேரம் கம்முனு என் பக்கத்துல குந்துங்க”ன்னார்.

சம்பந்தி மூஞ்சி வெளுத்துப் போச்சு. தாரை என் கையில திணிச்சிட்டு செருப்பைத் தேடினார்: “ஐயோ, பஸ்ஸுக்கு நேரமாச்சே!”

இளநீர் சீவ ஊரு முழுக்க ஆள் கீது, கம்முனு குந்தத்தான் வண்டிய ஓரங்கட்டிட்டு ஆட்டோக்காரன் வரவேண்டி கீது.